கெய்னரின் பேட்டா

நெவில் ப்ளூர் தன் சமையலைப் பற்றிப் போனில் பெருமை அடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால், அவன் பெண்டாட்டி கெய்னர் கண்ட கண்ட லாரிப்பேட்டையில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். ஆனால் இங்கிலாந்தில் பர்ஸ்லெம் என்கிற பீங்கான் ஊர்க்காரன் லாபி கிண்டினால் அதை நாலு பேரிடம் சொல்லாமல் இருந்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

லாபி என்பது மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பார்லியும் போட்டு, கரண்டி தானே நிற்கிற பதத்துக்குக் கொதிக்கவிடுகிற குழம்பு. நெவில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அடுப்பில் ஏற்றிவிடுவான். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். பெய்யாவிட்டால் பெய்து முடித்திருக்கும். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி பூத்து, கறி வாசனை சந்து முழுக்கப் போகும். தபால்காரன் வளர்க்கிற நாய் அந்த வாசனைக்கு இரண்டு தெரு தாண்டி வந்து வாசலில் உட்கார்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது என்று அதற்கும் தெரியும்.

சாயங்காலம் நாலு டப்பாக்களில் லாபியை மொண்டு மூடி, கூடவே ஓட்ஸ் மாவில் வார்த்த தோசைகளைச் சீஸ் வைத்துச் சுருட்டிக் காகிதத்தில் பொதிந்து வைப்பான். திங்கள் விடிகாலையில் கெய்னர் அத்தனையையும் தன் லாரியின் குட்டி ஐஸ்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு கிளம்புவாள். ஊர்ச் சூளையில் சுட்ட கக்கூஸ் பீங்கானும் தரை ஓடும் ஏற்றிக்கொண்டு ஒரு வாரம் ஸ்காட்லாந்து, ஒரு வாரம் ஃபெலிக்ஸ்டோ துறைமுகம். நாலு ராத்திரி வண்டியிலேயே படுக்கை. வெள்ளிக்கிழமை வீடு.

நெவிலுக்கும் ஒரு காலத்தில் பீங்கான்தான் பிழைப்பு. குளியலறைச் சாமான் கடை வைத்திருந்தான். கட்டுமானக் கம்பெனிக்காரன் ஒருவன் நாற்பது வீட்டுக்கு வேண்டிய தொட்டியும் குழாயும் கடனில் எடுத்துக்கொண்டு ஆளே காணாமல் போனான். கடை மூழ்கியது. கடைக்குக் கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் கூடி, ‘அஞ்சு வருஷம் உன்னால் முடிந்ததை மாதாமாதம் கட்டு, மிச்சத்தை விட்டுவிடுகிறோம்’ என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்கு ஏற்பாடு என்று பேர். அந்த ஏற்பாட்டை மேய்க்க மான்செஸ்டரில் ஒரு கம்பெனி. நெவில் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கி, ஒரு தவணை தவறாமல் நாலு வருஷம் கட்டிவிட்டான். இன்னும் ஒரே வருஷம். அதையும் கட்டிவிட்டால் வீடு தங்கும். இடையில் உடைந்தால் வீடு போகும். அவ்வளவுதான் விஷயம்.

வருஷம் ஒரு தடவை கம்பெனிக்காரர்கள் வரவு செலவைக் கேட்டுக் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் கூப்பிட்டவள் டாம்சின் என்கிற பெண். குரல் தேன் மாதிரி.

“மிஸ்டர் ப்ளூர், உங்க மனைவியோட சம்பளச் சீட்டைப் பாத்தேன். சம்பளத்துக்குக் கீழ ராத்தங்கல் படின்னு ஒரு தொகை தனியா வருதே, அது என்னங்க?”

“அதுவா கண்ணு, அது பேட்டா. வண்டியில படுக்கிற ராத்திரிக்கு முதலாளி குடுக்கிறது. சாப்பாடு, குளியல், வண்டி நிறுத்துற கூலி எல்லாத்துக்கும்.”

அந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் கண்ணுதான். போலீஸ்காரர் அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போதும், “இந்தா கண்ணு” என்றுதான் கொடுப்பார். மான்செஸ்டரில் அந்தப் பழக்கம் இல்லை போலும். டாம்சின் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“அப்போ அவங்க அதைச் சாப்பாட்டுக்குச் செலவு பண்றாங்க?”

இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம்.

“சாப்பாட்டுக்கா? ஒரு பென்னி செலவு பண்ண விட்டதில்லை நான்! என் பொண்டாட்டி வெளிச்சோறு தின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. நாலு நாளைக்கும் நானே கட்டிக் குடுக்கிறேன். வண்டியைக்கூட காசு கேக்காத ஓரத்துலதான் நிறுத்துவா, கெட்டிக்காரி. பேட்டாவை அப்பிடியே கொண்டாந்து வெப்பா. போன குளிருக்கு வெந்நீர் பாய்லர் வாங்கினதே அதுலதான்.”

“ஓ,” என்றாள் டாம்சின். ஏதோ தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. “ரொம்ப நன்றி, மிஸ்டர் ப்ளூர்.”

ஒரு பெண் தன் சமையலைக் கேட்டு நன்றி சொன்னாளே என்று நெவில் அன்று முழுக்கச் சந்தோஷமாகப் பெட்டி தூக்கினான்.

கடிதம் வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை கெய்னர் பூட்ஸைக் கூடக் கழற்றவில்லை, மேஜைக்கு எதிரே நின்றுகொண்டே படித்தாள்.

“நெவ்.”

“சொல்லு கண்ணு.”

“தவணை ரெண்டு மடங்காயிருக்கு.”

“அது வந்து…”

“‘மனைவியின் படி செலவாகாததால் வருமானமாகக் கொள்ளப்படுகிறது’ன்னு போட்டிருக்கான். செலவாகலைன்னு இவனுங்களுக்கு யாருய்யா சொன்னது? நான் சொல்லலை. லாரி சொல்லியிருக்குமோ?”

நெவில் தேநீர் போடப் போனான். கெய்னர் பின்னாலேயே வந்தாள்.

“என்ன சொன்னே?”

“லாபி நல்லா செய்வேன்னு சொன்னேன்.”

“அட அறிவு கெட்டவனே!”

“கேட்டாங்க, சொன்னேன். பொய்யா சொன்னேன்?”

“கேட்டது பேட்டாவைப் பத்தி. அதுக்கு எவனாவது சமையல் குறிப்பு சொல்லுவானா? சரி, இது எனக்குப் புரியலை. கடன் வாங்கினது நீ. என் பேருல அஞ்சு காசு கடன் கிடையாது. என் பேட்டா எப்பிடிய்யா அவனுங்களுக்குப் போகும்?”

“நேரா போகாதாம். உன் வருமானம் கூடினா வீட்டுச் செலவுல உன் பங்கு கூடுமாம். அப்போ என் பங்கு குறையுமாம். அப்போ என் கையில மிச்சம் நிக்குமாம். அந்த மிச்சம் அவங்களுக்காம்.”

“எங்கே நிக்குது? காட்டு.”

நெவில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஏன் தொட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

“மாசம் இவ்வளவு நம்மால கட்ட முடியுமா?”

“முடியாது.”

“கட்டலைன்னா?”

நெவில் சமையலறைச் சுவரைப் பார்த்தான். கெய்னரும் பார்த்தாள். அவள் அப்பா பூசிய சுவர். ஒரு மூலை எப்போதும் கோணல்.

“திங்கக்கிழமை போன் பண்ணு,” என்றாள். “லாபியைப் பத்தி வாயைத் திறந்தே, பானையை உன் தலையில கவுப்பேன்.”

திங்கட்கிழமை நெவில் போன் பண்ணினான். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் புல்லாங்குழல் வாசிக்க ஆரம்பித்தது. கிடங்கில் மத்தியான இடைவேளை முழுக்க வாசித்தது. செவ்வாயும் அதே புல்லாங்குழல். புதன் லீவு போட்டு வீட்டுக் கொல்லையில் நின்றபடி போனைச் சத்தமாக வைத்துவிட்டுத் துணி காயப்போட்டான், எடுத்தான், மழை விட்டதும் திரும்பக் காயப்போட்டான். புகைபோக்கி மேல் உட்கார்ந்திருந்த, ஸ்டார்லிங் என்கிற அந்த ஊர் மைனா ஒன்று அன்று சாயங்காலத்துக்குள் அந்த இசையை முழுசாகப் படித்துக்கொண்டது. அதற்கப்புறம் தினமும் விடியற்காலையில் அது வாசிக்க ஆரம்பித்ததும், நெவில் தூக்கத்திலேயே எழுந்து கையைக் காதில் வைத்துக்கொண்டு, “ஹலோ, ப்ளூர் பேசுறேன்” என்பான். பக்கத்து வீட்டுக்காரர்களும் இரண்டு பேர் அப்படி எழுந்ததாகக் கேள்வி. அந்தத் தெருவில் ஏற்பாட்டில் இருப்பது தான் ஒருவன் மட்டும் இல்லை என்று நெவிலுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வியாழன் டாம்சின் கிடைத்தாள்.

“அது வருமானமே இல்லைங்க. வேலைக்கு ஆகிற செலவு. வரிக்காரங்களே அதுக்கு வரி கேக்கிறதில்லை.”

“சரிதான், மிஸ்டர் ப்ளூர். செலவாச்சுன்னா அது செலவு. செலவாகலைன்னா வருமானம். நீங்களே செலவாகலைன்னு சொன்னீங்க.”

“ஏன் ஆகலை? நான் சமைக்கிறதுனால ஆகலை.”

“புரியுது.”

“அப்போ நான் சமைக்காம இருந்தா?”

“அவங்க வெளியில சாப்பிடுவாங்க. அது நியாயமான செலவு. மூணு மாசத்து ரசீதை அனுப்புங்க, மறுபரிசீலனை பண்ணுவோம். அது வரைக்கும் பழைய தவணையே போகட்டும்.”

“அதாவது நான் சிக்கனமா இருந்தா தண்டனை. ஊதாரியா இருந்தா மன்னிப்பு.”

“நான் அப்படிச் சொல்லலைங்க.”

“பின்னே எப்பிடிச் சொன்னே கண்ணு?”

டாம்சின் யோசித்துப் பார்த்தாள். “கிட்டத்தட்ட அப்படித்தான்,” என்றாள் பாவம்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்த கெய்னர் இதைக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். தன் சம்பளச் சீட்டைக் காட்டமாட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால், வீட்டுச் செலவில் பாதி அவளுடையது என்று கம்பெனியே எழுதிக்கொள்ளும். அது இன்னும் மோசம்.

“சரி. தின்னுத் தொலைக்கிறேன்,” என்றாள்.

அன்றிலிருந்து நாலு டப்பாவும் அலமாரி மேல் கவிழ்ந்து கிடந்தன.

லாரிப்பேட்டைச் சாப்பாடு எப்படி என்பதைக் கெய்னர் ராத்திரிப் போனில் சொல்வாள். பீன்ஸ் தட்டில் ஓடுகிறது. முட்டை ஓடவே மாட்டேன் என்கிறது. ஃபெலிக்ஸ்டோவில் வாங்கிய பன் ஒன்றை, சரிவில் நின்ற வண்டியின் பின்சக்கரத்துக்கு அடைகொடுத்தாள். நாற்பது டன் வண்டி ராத்திரி முழுக்க இம்மி நகரவில்லை. காலையில் பன்னைத் தட்டித் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டாள், அடுத்த சரிவுக்கு ஆகும் என்று. அதற்கும் ரசீது இருந்தது.

நெவிலுக்கு ஞாயிற்றுக்கிழமை கை சும்மா இருக்கவில்லை. பழக்கத்தில் லாபியை ஏற்றிவிடுவான். விடிகாலையில் கிளம்பவேண்டிய கெய்னர் ஒரு கிண்ணம் தின்றுவிட்டுச் சீக்கிரமே படுத்துவிடுவாள்; டப்பாவில் மொண்டுவைக்க வழி இல்லாமல் மீதி பானையிலேயே நிற்கும். கெய்னரோடு வண்டி ஓட்டுகிற டெஸ், அடுத்த சந்துக்காரன், வாசனை பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவான்.

“மாப்ள, இந்த ஏற்பாடு ஏன் முன்னாடியே வரலை?” என்று மூன்றாவது கிண்ணத்தை நீட்டினான் டெஸ். “உன் கடன் இன்னும் பத்து வருஷம் ஓடட்டும்.”

“தின்னுட்டுப் பேசுறியா, பேசிட்டுத் தின்றியா?”

“கோவிச்சுக்காதே. கைம்மாறு இல்லாம திம்பேனா? இந்தா.”

டெஸ் மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தான். பை நிறைய ரசீது. லாரிக் கம்பெனி டிரைவர்கள் அத்தனை பேரும் கெய்னருக்காகச் சேர்த்துக் கொடுத்தது. டிரைவர்களுக்குள் அப்படி ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தர் வண்டி சேற்றில் மாட்டினால், என்ன ஏது என்று கேட்காமல் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். பல சமயம் வண்டி எந்தப் பக்கம் போகவேண்டும் என்றும் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை கெய்னர் அவற்றை மேஜையில் பரப்பிப் பார்த்தாள்.

“செவ்வாக்கிழமை காலையில நான் டோவர்ல சாசேஜ் தின்னிருக்கேன்.”

“சரி.”

“அதே நேரத்துல ஸ்காட்லாந்துல கஞ்சி குடிச்சிருக்கேன். மத்தியானம் வேல்ஸ்ல ஆம்பளைங்க சவரக்கத்தி வாங்கியிருக்கேன். இது என்ன? ரெண்டு பேருக்கு மெழுகுவத்தி வெளிச்சத்துல விருந்து, கூட ஒயின். யாரு குடுத்தது இதை?”

“அது பேரைச் சொல்லமாட்டேன்னு டெஸ் சத்தியம் பண்ணியிருக்கான்.”

“பொறுக்கிப் பயலுவ.” கெய்னருக்குச் சிரிப்பு வந்தது. அந்த மாதத்தில் வந்த முதல் சிரிப்பு. அதுவும் நீடிக்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எண்ணெய்ச் சாப்பாடு தினம் நெஞ்சைக் கரித்தது. முகம் வெளிறி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“இதுல நாலஞ்சு நல்ல ரசீதைப் பொறுக்கி அனுப்பிடலாம் கெய். நீ ஒரு மாசம் வீட்டுச் சாப்பாடு சாப்பிடு.”

“வேண்டாம். உன் கடையில ஒருத்தன் பொய் சொல்லிக் கடனுக்கு எடுத்துட்டுப் போனான் பாரு, அதுல வந்ததுதான் இத்தனையும். நான் தின்னதுக்குத்தான் நான் கணக்குக் காட்டுவேன்.”

பையைக் கட்டித் தூரப் போட்டாள். நெவிலுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவள் மேல் கோபப்பட முடியாது. டாம்சின் மேல் கோபப்பட்டால் அது அவளைப் போய்ச் சேர்வதற்குள் புல்லாங்குழல் அதை நமத்துப்போக வைத்துவிடும். கடைசியில் அலமாரி மேல் இருந்த டப்பாவில் ஒன்றை எடுத்துச் சுவரில் அடித்தான். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பக் கழுவி வைத்தான்.

அப்புறம் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. திங்கட்கிழமை மைனா எழுப்பிய வேகம் குறையாமல், ஆபீஸ் திறந்ததும் மான்செஸ்டருக்குப் போன் போட்டான்.

“டாம்சின், ஒரு சந்தேகம். அவ சாப்பாட்டைக் காசு குடுத்து வாங்கணும், ரசீது வேணும். அவ்வளவுதானே?”

“ஆமாங்க.”

“அப்போ என்கிட்டயே வாங்கட்டும். ஒரு கிண்ணம் லாபி, ஏழு பவுண்டு. நான் பில்லு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

தட்டச்சுச் சத்தம். “அப்படிச் செய்யலாம், மிஸ்டர் ப்ளூர். ஆனா அது உங்களுக்கு வருமானம். அதையும் நீங்க சொல்லணும்.”

“என் பொண்டாட்டிக்கு நான் சோறு போட்டா?”

“வித்தா.”

“சும்மா போட்டா?”

“பேட்டா செலவாகலை.”

நெவில் புகைபோக்கியைப் பார்த்தான். மைனா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

“நீ கல்யாணம் பண்ணியிருக்கியா கண்ணு?”

“இல்லைங்க.”

“பண்றதா இருந்தா, அந்தப் பையன்கிட்ட சமைக்கத் தெரியுமான்னு கேளு. தெரியும்னு சொன்னா கணக்குல எழுதிக்க.”

மறுமுனையில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா என்று சொல்வதற்கில்லை. “மூணு மாசம் முடியட்டும்,” என்றாள் டாம்சின். “நானே பாத்து எழுதுறேன்.”

எழுதவும் எழுதினாள். ரசீதுகளைக் கெய்னர் தேதிவாரியாக ஒட்டி, பன் ரசீது உட்பட அனுப்பிவைத்த பத்தாம் நாள் பதில் வந்தது. படி நியாயமான செலவென்று ஒப்புக்கொள்ளப்படுகிறது. தவணை பழையபடியே. நெவில் கடிதத்தை முத்தமிடப் போனான்.

“இன்னும் கீழ இருக்கு, படி,” என்றாள் கெய்னர்.

ஏற்பாடு முடியும்வரை செலவு இதே விதமாகத் தொடரவேண்டும், ரசீதுகளைப் பத்திரப்படுத்தவேண்டும், எப்போது வேண்டுமானாலும் கேட்கப்படும்.

“இன்னும் எட்டு மாசமா?” என்றான் நெவில்.

“வீடு இருக்குல்ல.” அவள் கடிதத்தை மடித்து வைத்தாள். ஒரு கையால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே மடித்தாள்.

அடுத்த புதன்கிழமை நெவில் கிடங்கில் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய், லாபியைச் சூடாக்கிப் பானையோடு போர்வையில் சுற்றினான். காரின் முன் சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டான். கெய்னர் ஃபெலிக்ஸ்டோவிலிருந்து திரும்பும்போது ஓட்டுகிற நேரம் தீர்ந்துபோய், லெஸ்டர் பக்கத்து லாரிப்பேட்டையில் தங்குவாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். பெட்ரோலுக்கு இரண்டு வாரமாகத் தன் மத்தியானத் தேநீரை விட்டிருந்தான்.

கோடை வெயில் சாயாமல் அடித்துக்கொண்டிருந்தது. இருபது முப்பது லாரிகள் வரிசையாக நின்றன. அவளுடைய வண்டி கடைசியில். அவன் பானையோடு படியேறிக் கதவைத் தட்டியபோது, அவள் மடியில் ஒரு காகிதத் தட்டு இருந்தது. பன்றித்தொடை வறுவல், மேலே டப்பாவில் வந்த அன்னாசி ஒரு வட்டம்.

“ஏய்யா, நீ எங்கே இங்கே?”

“சும்மா இந்தப் பக்கம் வந்தேன்.”

“பானையோடவா?”

“பானைக்கும் காத்து வேணும்ல.”

அவள் அவனைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். வாசனை வண்டிக்குள் நிறைந்தது. பக்கத்து லாரியில் ஒரு ஜன்னல் கண்ணாடி தானாக இறங்கியது.

“நெவ், நான் காசு குடுத்து வாங்கிட்டேன். ரசீது போட்டாச்சு. இதைத் திங்காம அதைத் தின்னா, அது சரியில்லை.”

“யார் கேக்கப்போறா?”

“நான் கேப்பேன்.”

அவள் யோசித்தாள். அப்புறம் வறுவலில் இரண்டு வாய் வெட்டி, கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்கினாள். “ஆச்சு. நான் சாப்பிட்டேன். மிச்சம் வெக்கிறது என் இஷ்டம். கொட்டவும் மனசில்லை.” காகிதத் தட்டை அவன் மடியில் வைத்துவிட்டுப் பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கரண்டி பானைக்குள் நிமிர்ந்து நின்றது. அவள் முதல் வாயை விழுங்குவதற்குள் இரண்டாவதை அள்ளினாள். பாதிப் பானை காலியான பிறகு, முதுகைச் சீட்டில் சாய்த்து, பூட்ஸைக் கழற்றினாள்.

நெவில் வறுவலை மென்றுகொண்டிருந்தான். இந்தக் கடவாயிலிருந்து அந்தக் கடவாய்க்கு மாற்றினான். திரும்ப இந்தப் பக்கம் கொண்டுவந்தான். அன்னாசியைச் சேர்த்துப் பார்த்தான். அன்னாசி போய்விட்டது, கறி போகவில்லை.

“எப்பிடி இருக்கு?” என்றாள் கெய்னர்.

“ஏற்பாடு மாதிரி இருக்கு. எவ்வளவு மென்னாலும் முடியமாட்டேங்குது.”

அவன் ஜன்னலைத் திறந்து துப்பப் போனான். கெய்னர் வண்டியின் முன்கண்ணாடிக்கு அடியில் இருந்த ரசீதை எடுத்துச் சுருக்கம் நீவி, நாலாக மடித்துப் பையில் வைத்தாள்.

“முழுங்குய்யா,” என்றாள். “பில்லு போட்டாச்சு.”